முன்பக்கம் குந்திய மொறிஸ் மைனர்: பாரை முறுக்க முதல்

வலப்பக்க முன்சில்லு மட்காட்டுக்குள் ஏறி ஒளித்துக்கொண்டு நிற்கிறது. இடப்பக்கம் ரயருக்கு மேலே நான்கு விரல் போகிறது, வலப்பக்கம் இரண்டு விரல்தான். கேற்றடி மேட்டில் ஏறி இறங்கும்போது "டக்" என்று ஓர் அடி. எந்தக் கராஜில் கேட்டாலும் ஒரே பதில்தான்: "பார் இருந்துபோச்சு, ஒரு பல்லு மாத்திப் போட்டால் எழும்பும்." எழும்பத்தான் செய்யும். ஆறு மாதம் போகத் திரும்பவும் குந்தும். அநேகமான மைனர்களில் தளர்ந்தது பார் என்கிற அந்த முறுக்குக் கம்பி இல்லை. பாரின் பின்முனையைப் பிடித்துக்கொண்டிருக்கிற தகடு கறள் பிடித்து இளகியிருக்கும்.

1948 முதல் 1971 வரை வெளிவந்த எல்லா மைனர்களுக்கும் முன்பக்க அமைப்பு அடிப்படையில் ஒன்றுதான். அலெக் இஸிகோனிஸ் இதற்குச் சுருள் வில் வைக்கவில்லை. காரின் நீளவாக்கில், பக்கத்துக்கு ஒன்றாக, ஓர் உருக்குக் கம்பி ஓடுகிறது. அதுதான் ரோர்ஷன் பார். முன்முனை லோவர் ஆமின் (சில்லைப் பிடித்திருக்கும் கீழ்க்கை) உட்பக்கத்தில் பல்லுப் பல்லாகப் பொருந்தியிருக்கும். பின்முனை ஒரு சிறு நெம்புக்குள் பொருந்தியிருக்கும். அந்த நெம்பை முன்சீற்றுகளுக்குக் கீழே குறுக்காக ஓடும் குறொஸ் மெம்பரில் போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். சில்லு மேலே எழும்ப ஆம் திரும்பும், பார் முறுகும், பின்முனை அசையாமல் நிற்க வேண்டும். அந்தப் பின்முனை அசைந்தால் எத்தனை நல்ல பாரும் பயனில்லை. மைனருக்குத் தனிச் சஸியும் (அடிச்சட்டம்) கிடையாது. தரை, சில் (கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி), குறொஸ் மெம்பர், முன்னே நீளும் இரண்டு கால்கள் எல்லாம் சேர்ந்துதான் சஸி. ஆகவே கறள் பார்ப்பது இங்கே அழகு பார்க்கிற விடயம் இல்லை.

அம்பாசடர் வைத்திருக்கும் தமிழ்நாட்டு நண்பர்களுக்கு ஒரு சொல்: உங்கள் வண்டியும் மொறிஸ் ஒக்ஸ்போர்ட் வழி வந்ததுதான், முன்னால் இதே ரோர்ஷன் பார்தான். பூட்டும் விதம் வேறுபடும், காரணம் தேடும் முறை பெரிதாக மாறாது.

முதலில் அளவு

கண்ணால் பார்த்து "சாய்ஞ்சு நிக்குது" என்று முடிவெடுக்க வேண்டாம். மட்டமான சீமெந்துத் தரை வேண்டும். நான்கு ரயரும் ஒரே அளவா, காற்று இட வலம் சமமா என்று பாருங்கள். இப்போது போடுகிற 145 அல்லது 155 ரேடியல் ரயருக்கு, குளிர்ந்த நிலையில் 26 இறாத்தலில் தொடங்கலாம். ஒரு பக்கம் 155, மறுபக்கம் 145 போட்டு ஓடுகிற கார்களும் உண்டு. அதிலேயே அரை விரல் போய்விடும். டிக்கியில் கிடக்கிற சாமான்களை இறக்குங்கள்.

அடுத்தது பலரும் மறப்பது. ஜக் போட்டு இறக்கிய கார் உடனே தன் உயரத்துக்கு வராது. தொங்கிய சில்லுகள் உள்வாங்கிய கால்கள் போல நிற்கும், ரயர் தரையைப் பிடித்துக்கொண்டு விரிய விடாது. காரை ஐந்தாறு மீற்றர் முன்னும் பின்னும் தள்ளி, முன்பக்கத்தை இரண்டு மூன்று தரம் அமத்தி விட்ட பிறகே அளக்க வேண்டும்.

மட்காட் விளிம்பில் இருந்து அளப்பது ஏமாற்றும். இந்த வயதுக் காரில் மட்காட் ஒரு முறையாவது மாறியிருக்கும், ரிங்கர் (தகட்டு) வேலையில் பூட்டும் துளைகள் இடம் மாறியிருக்கும். லோவர் ஆமின் உள்முனையைப் பிடிக்கும் ஐ போல்டின் மையத்தில் இருந்து தரைக்கு அளவுங்கள், இரு பக்கமும். பிறகு ஆமின் வெளிமுனை மையத்தில் இருந்தும் அளவுங்கள். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஆமின் சாய்வு. வெளிமுனை உள்முனையை விடத் தெளிவாக மேலே ஏறி நின்றால் அந்தப் பக்கம் உண்மையிலேயே குந்தியிருக்கிறது. இரு பக்கச் சாய்வும் ஒன்றாக இருந்து மட்காட் மட்டும் சரிந்திருந்தால் நீங்கள் தேட வேண்டியது தகட்டு வேலையை, சஸ்பென்ஷனை அல்ல.

இன்னும் ஒரு சோதனை மிச்சம். பின்பக்கம் முன்பக்கத்தைக் குந்த வைக்கும். இடப்பக்கப் பின்வில்லுக்கு மட்டும் யாரோ ஒரு மேலதிகத் தகடு போட்டிருந்தால், அது காரின் அந்த மூலையைத் தூக்கி எதிர் மூலையான வலப்பக்க முன்னை அமத்தும். நான்கு கால் கதிரையில் ஒரு காலின் கீழ் கட்டை வைத்தது மாதிரி. இதைப் பிரித்தறிய, பின் அச்சின் நடுவில் டிவரன்ஷல் பெட்டிக்கு நேர் கீழே ஒரு ஜக் வைத்து, பின்சில்லு இரண்டும் தரையை விட்டு ஒரு விரல் எழும்பும் வரை தூக்குங்கள். முன்சில்லுகளுக்குக் கட்டை வைக்க மறக்க வேண்டாம். கார் இப்போது பின்னால் ஒரே புள்ளியில் நிற்கிறது. ஆனால் வில்லுகள் இரண்டும் இன்னும் அச்சுக்கும் உடலுக்கும் இடையில்தான் இருக்கின்றன, ஜக்கின் தலையில் அச்சு இட வலம் ஆட இடம் இருக்க வேண்டும். ஆடினால் பின்பக்கம் முன்பக்கத்தை முறுக்க முடியாது. இந்த நிலையில் முன்னுயரம் இரு பக்கமும் சமமாகிவிட்டால் குற்றம் பின்வில்லில். வலம் இன்னும் தாழ்ந்தே நின்றால் குற்றம் முன்னால்.

வலப்பக்கம் தாழ்வது இலங்கையில் கூடுதல், அதற்கு மர்மம் ஒன்றும் இல்லை. சாரதி இருக்கிற பக்கம் அது. பெரும்பாலான ஓட்டம் ஓராள் ஓட்டம். 5 மில்லிமீற்றர் வித்தியாசத்துக்கு ஸ்பானர் தூக்க வேண்டாம். 15ஐத் தாண்டினால் தேட வேண்டும்.

ஸ்குறூட்ரைவரோடு கீழே

காரை ஸ்ராண்டில் ஏற்றுங்கள். கல்லடுக்கு, கிண்டின மரக்குற்றி எதுவும் வேண்டாம். குறொஸ் மெம்பரின் நுனிகள்தான் ஜக் வைக்கும் இடங்கள், கறளும் முதலில் பிடிப்பது அங்கேயே. ஆகவே கறள் சந்தேகம் உள்ள காரில் ஸ்ராண்டை நுனியில் வைக்காமல், முன்கால்களின் உறுதியான பகுதியில் ஒரு தடித்த பலகைத் துண்டு கொடுத்து வையுங்கள்.

இனித் தட்டுங்கள். சிறு சுத்தியலால் குறொஸ் மெம்பரை நடுவில் இருந்து நுனி வரை தட்டிக்கொண்டு போனால், நல்ல தகடு கிணுங்கும், கறள் தகடு மண்சட்டி மாதிரிச் சத்தம் போடும். சத்தம் மாறுகிற இடத்தில் பழைய ஸ்குறூட்ரைவரை முழுப் பலத்தோடு குத்துங்கள். தார் பூசி மூடியிருந்தால் சுரண்டிவிட்டுக் குத்துங்கள். யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலம் போல இரு பக்கமும் கடல் அறைகிற தெருவில் தினமும் ஓடுகிற தீவக வண்டிகளில், தாரின் மேற்பரப்பு பளபளவென்று இருக்க உள்ளே தகடு அப்பளம் போல் உதிரும். தார் கறளைத் தடுக்கவில்லை. தாருக்கும் தகட்டுக்கும் இடையில் உப்புத் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது.

முக்கிய இடம் நெம்பின் போல்ட் போகிற துளை. ஒருவர் காருக்குக் கீழே (ஸ்ராண்டில் மட்டும்) நெம்பைப் பார்த்துக்கொண்டு இருக்க, இன்னொருவர் சில்லுக்குக் கீழே ஜக் வைத்து மெல்ல ஏற்றி இறக்கட்டும். நல்ல காரில் போல்டும் தகடும் ஒட்டிப்பிறந்தது போல் அசையாமல் நிற்கும். போல்டைச் சுற்றித் தகடு மூச்சு விடுவது போல உப்பி வற்றினால், அல்லது போல்ட் தலையைச் சுற்றிப் பிறை வடிவில் பளபளப்பான புதுத் தேய்வு தெரிந்தால், விடை கிடைத்துவிட்டது.

ஏன் இந்தத் துளைக்கு இத்தனை கவனம் என்பதைக் கணக்காகப் பாருங்கள். மைனரின் எடை ஏறத்தாழ 750 கிலோ. முன்சில்லு ஒன்றில் 190 கிலோ என்று வைப்போம், சில்லும் ஹப்பும் போக 160 கிலோ ஆமில் ஏறுகிறது. ஆம் 20 சென்ரிமீற்றர், நெம்பு 10 சென்ரிமீற்றர் என்று உதாரணத்துக்கு எடுத்தால் (உங்கள் காரில் அளந்து போடுங்கள்), கார் சும்மா நிற்கும்போதே அந்த ஒற்றைப் போல்டில் 320 கிலோ இழுவை. குழியில் விழுந்தால் அது இரண்டு மூன்று மடங்காகும். அதே விகிதத்தில், துளை 4 மில்லிமீற்றர் நீண்டால் சில்லுப் பக்கம் 8 மில்லிமீற்றர் இறங்கும். தகடே 10 மில்லிமீற்றர் சரிந்தால் சில்லுப் பக்கம் 20, அதாவது ஒரு விரலுக்கு மேல். வெளியே தெரிகிற பெரிய சரிவுக்கு உள்ளே தேவைப்படுவது ஒரு சிறு கிழிசல்தான்.

அடுத்து முன்கால்கள், அதிலும் வலக்கால். வலப்பக்கச் சாரதி மைனரில் பிறேக் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடியில், அந்தக் காலின் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. கசிகிற பிறேக் ஒயில் உள்ளே பெயின்ரைத் தின்றுவிடும், தின்ற இடத்தில் கறள் குடிவரும். மிதியடியைத் தூக்கி மூடியைக் கழட்டி, ரோச் அடித்துப் பாருங்கள். ஐ போல்ட் இறங்குகிற இடத்தைச் சுற்றிச் சிலந்திவலை போல வெடிப்பு இருந்தால் அதுவும் பாரைக் குற்றம் சொல்லாமல் விட வேண்டிய காரணம்தான். சில்லு தருகிற உந்துதல் அந்த ஐ போல்ட் வழியாகத்தான் உடலுக்குப் போகிறது.

கதவும் சாட்சி சொல்லும். சாரதிக் கதவைப் பூட்டி, இடைவெளியைச் சுற்றிவரப் பாருங்கள். பிறகு குறொஸ் மெம்பர் நுனியில் ஜக் வைத்துத் தூக்குங்கள். இடைவெளி மாறிக் கதவு திறக்கக் கஷ்டப்பட்டால், கதவடிச் சில் பெட்டியும் முன்காலும் சேருகிற இடம் மடிகிறது. ஜக் தூக்கத் தூக்கக் கார் எழும்பாமல் ஏதோ முறிகிற சத்தம் கேட்டால் உடனே இறக்குங்கள்.

குற்றம் சுமத்தப்படும் சிலர்

சொக் அப்சோபர் காரைத் தாங்குவதில்லை. மைனரில் அது நெம்புவகை, ஆம்ஸ்ட்ரோங் செய்தது, அதன் கைதான் மேல் ஆமாகவும் வேலை செய்கிறது. ஒயில் முழுவதும் வடிந்தாலும் கார் தாழாது, ஆடும், அவ்வளவுதான். குந்தியதற்காகச் சொக் அப்சோபர் மாற்றச் சொல்கிறவரிடம் அந்த வேலையைக் கொடுக்க வேண்டாம். ஆனால் ஒயில் குறைந்திருந்தால் ஊற்றுங்கள். மேலே உள்ள மூடியைச் சுற்றி முதலில் நன்றாகத் துடைத்துவிட்டுத் திறந்து, SAE 20 மினரல் ஒயில் விட்டு, கையை மேலும் கீழும் மெதுவாக ஆட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். விளிம்பு வரை நிரப்பாமல் சற்றுக் கீழே நிறுத்த வேண்டும், சூட்டில் ஒயில் விரியும். பிறேக் ஒயில் ஒருபோதும் இதற்குள் போகக்கூடாது.

ஐ போல்டின் றப்பர் புஷ் ஒரு சின்னத் திருடன். கிழிந்துபோனால் ஆமின் உள்முனை மையம் விலகி இரண்டு மூன்று மில்லிமீற்றர் விழும், பிறேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கும். புதிய புஷ் போட்ட பின்னும் பலர் கெடுக்கிற இடம், இறுக்குகிற நேரம். கார் ஜக்கில் தொங்கும்போது நட்டை இறுக்கினால் றப்பர் அந்தத் தொங்கிய நிலையில் கவ்விக்கொள்ளும். இறக்கியதும் முறுகிய றப்பரும் சேர்ந்து காரைத் தூக்கிப் பிடிக்கும், "ஆ, புஷ் மாத்தவே எழும்பிட்டுது" என்று தோன்றும். சில நூறு கிலோமீற்றரில் றப்பர் கிழிந்து பழைய இடத்துக்கே வரும். காரைச் சில்லில் இறக்கி, தள்ளி, அமத்தி விட்டு, அதன் பிறகு கடைசி இறுக்கு.

ட்ரனியன்களைத் தனியாகப் பார்க்க வேண்டும். அவை குந்தலுக்குப் பெரிதாகக் காரணமில்லை. ஆனால் உயிரோடு விளையாடும் பாகம் அதுதான். கிங் பின்னின் (சில்லு இட வலம் திரும்புகிற நிமிர்ந்த அச்சு) மேலும் கீழும் மரைபோட்ட ட்ரனியன்கள் இருக்கின்றன, சில்லு திரும்பும்போது மரை மரையில் ஓடுகிறது. கிறீஸ் இல்லாமல் ஓடினால் மரை தேய்ந்து மழுங்கி, ஒரு நாள் கீழ் ட்ரனியனில் இருந்து கிங் பின் கழன்று வெளியே வரும். சில்லு மடிந்து மட்காட்டுக்குள் போகும். பெரும்பாலும் வளைத்துத் திருப்பும்போதுதான் இது நடக்கும். சில்லைத் தரையை விட்டுத் தூக்கி, ரயருக்கு அடியில் அலவாங்கு கொடுத்து மேலே கிளப்பிப் பாருங்கள். கீழ் ட்ரனியனில் கண்ணுக்குத் தெரிகிற மேல் கீழ் ஆட்டம் இருந்தால் கார் அந்த இடத்தை விட்டு ஓட வேண்டாம். இட வலப் பாகங்கள் ஒன்றுக்கொன்று மாறாது. கிறீஸ் அடிப்பதும் சில்லு தொங்கும் நிலையில்தான், ஏனென்றால் கார் நிற்கும்போது மரையின் சுமை ஏறிய பக்கத்துக்குள் கிறீஸ் நுழையாது. புதுக் கிறீஸ் வெளியே பிதுங்கும் வரை அடிக்க வேண்டும், 1,500 கிலோமீற்றருக்கு ஒரு தரம். மண்ணெண்ணெயில் ஓடி யுத்த காலம் தாண்டிய எஞ்சின்கள் இருக்கின்றன, கிறீஸ் இல்லாமல் தாண்டிய ட்ரனியன் கிடையாது.

பாரைக் கழட்டுவது

குறொஸ் மெம்பரில் வெல்டிங் செய்யப் போகிறீர்கள் என்றால் பார் வெளியே வந்தே ஆக வேண்டும். வெல்டிங் பொறி ஒன்று பாரில் பட்டு ஒரு சிறு பரு ஒட்டினாலும் அந்த இடம் கடினமாகி, முறுகும்போது வெடிப்பு அங்கிருந்து தொடங்கும். ஏர்த் கிளிப்பைப் பாரில் கொழுவுவதும் அதே கேடு.

முறுகிய பார் என்பது இழுத்த வில். மெதுவாக அவிழ்க்க வேண்டும். ஸ்ராண்டுகளை உயரமாக வையுங்கள். உயரம் போதாவிட்டால் ஜக் தரையில் தட்டி நின்றுவிடும், பாரில் இன்னும் முறுக்கு மிச்சம் இருக்கும், அந்த மிச்சத்தில்தான் கைவிரல் போகும். சில்லைக் கழட்டி, லோவர் ஆமின் வெளிமுனைக்கு அடியில் ஜக் வைத்து, சுமையை ஜக்கில் ஏற்றுங்கள். ஆம் முன்பாதி பின்பாதி என இரண்டு துண்டு. ஆமை முன்னால் பிடித்திருக்கும் டை றொட்டை விடுவித்து, இரு பாதிகளையும் சேர்க்கிற போல்டையும் உள், வெளி முனைகளின் முன்பக்க நட்டுகளையும் கழட்டினால் முன்பாதி கையோடு வரும். பிறகு ஹப் தொகுதியை முன்னோக்கி இழுத்து, கீழ் ட்ரனியனின் பின்னைப் பின்பாதியில் இருந்து விடுவிக்க வேண்டும். ஹப் மேலே சொக் அப்சோபர் கையில் தொங்கும். பிறேக் ஹோஸில் பாரம் விழாமல் கம்பியால் கட்டிவிடுங்கள். இப்போது ஜக்கை மெதுவாக இறக்க, பின்பாதி கீழே போய் ஓர் இடத்தில் தானாக நிற்கும். அதற்குப் பிறகு கையால் ஆட்டினால் ஆட வேண்டும். ஆடாவிட்டால் முறுக்கு இன்னும் தீரவில்லை.

கழட்ட முதல் மூன்று குறிகள்: ஆம் சும்மா தொங்கும் இந்த நிலையில் அதன் வெளிமுனை உயரம், நெம்பும் பாரும் சேருகிற முகத்தில் பெயின்ரால் ஒரு கோடு, நெம்பும் குறொஸ் மெம்பரும் சேருமிடத்தில் இன்னொரு கோடு. முதல் அளவைக் கொப்பியில் எழுதுங்கள், அதுதான் பின்னால் உயரம் திருத்தும்போது ஒரே வழிகாட்டி. பாரின் உடம்பில் ஆணியால் கீறிக் குறி வைப்பவர்கள் பாரை முறிக்கிற இடத்தைத் தாங்களே குறித்து வைக்கிறார்கள்.

நெம்பு பல்லில் கறளோடு ஒட்டியிருக்கும். கறள் இளக்கும் ஒயிலோ டீசலோ விட்டு இரண்டு மூன்று நாள் ஊற விடுங்கள், பிறகு பித்தளைத் துண்டு கொடுத்து நெம்பைத் தட்டுங்கள். காஸ் விளக்கு, பைப் ஸ்பானர் இரண்டும் தூர இருக்கட்டும். வெளியே எடுத்த பாரைத் துணியாலும் மென்மையான கம்பித் தூரிகையாலும் துடையுங்கள், கிறைண்டர் வேண்டாம். நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டுகிற ஆழத்துக்குக் கறள் குழி இருந்தால் அந்தப் பாரைக் கழித்துவிடுங்கள். இட வலப் பார்களை மாற்றிப் போடக்கூடாது. ஒரு பக்கம் முறுகிப் பழகிய உருக்கை எதிர்ப்பக்கம் முறுக்கினால் இறங்கும், சில வேளை முறியும். கழித்த காரில் இருந்து வாங்கும்போதும் எந்தப் பக்கத்துப் பார் என்று தெரியாவிட்டால் வாங்க வேண்டாம்.

வலப்பக்கப் பார் வெளியே இருக்கும் நேரத்தில் மாஸ்ரர் சிலிண்டரையும் பார்த்துவிடுங்கள். அதன் போல்ட்கள் வெளியே வர முடியாதபடி குறுக்கே நிற்பது இந்தப் பார்தான். பிறகொரு நாள் சிலிண்டர் கசிந்தால் இதே வேலையை இன்னொரு முறை செய்ய வேண்டிவரும்.

தகட்டு வேலையில் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான், ரிங்கர் தெரிந்தவராக இருக்க வேண்டும். வெட்ட முதல் நெம்புப் போல்டின் மையத்தில் இருந்து ஐ போல்ட் மையத்துக்கும், மறுபக்க ஐ போல்டுக்குக் குறுக்காகவும் அளந்து எழுதுங்கள். ஒரு பக்கம் முடிந்த பிறகே மறுபக்கம். கதவடிச் சில் பெட்டியையும் வெட்ட வேண்டுமென்றால் கதவு வாசலுக்குள் குறுக்காக இரும்புக் குழாய் ஒட்டிக்கொண்டு வெட்டுங்கள், இல்லாவிட்டால் கதவு அதன் பிறகு பூட்டாது. நெம்பு உட்காரும் முகத்துக்கு 2 மில்லிமீற்றர் தகடு, தரைக்கு 1.2 போதும். துளை பெட்டியின் இரு சுவரையும் ஊடறுத்தால் உள்ளே ஒரு குழாய்த் துண்டு வைத்து ஒட்ட வேண்டும், அப்போதுதான் இறுக்கும்போது பெட்டி நசியாது. கறள் தகட்டுக்கு மேலே புதுத் தகடு ஒட்டுவது வேலை அல்ல. பழையது வெட்டி எறியப்பட வேண்டும், வெள்ளையாகத் தெரிகிற இரும்பில்தான் வெல்டிங் பிடிக்கும். பற்றரியைக் கழட்டுங்கள், பெற்றோல் குழாயையும் பிறேக் குழாயையும் விலக்குங்கள், கம்பளத்தை வெளியே எடுங்கள், பக்கத்தில் வாளித் தண்ணீர் இருக்கட்டும். முடிந்ததும் உள்ளே நாகப் பிறைமர், அது காய்ந்த பின் மெழுகு. பழைய எஞ்சின் ஒயில் அடிப்பதும் நம் ஊரில் வேலை செய்கிறது, வெல்டிங்குக்கு முதல் அடித்தால் மட்டும் நெருப்பு.

உயரம் வைப்பது

தகடு சரியான பின் பாரைப் பழைய குறிகளிலேயே பூட்டிப் பாருங்கள். பாதிக்கு மேற்பட்ட வேளைகளில் கார் தானாகவே உயரத்துக்கு வந்துவிடும். வராவிட்டால்தான் பல் மாற்றும் கதை.

விதி எளிது: சுமையில்லாமல் தொங்கும் ஆமின் வெளிமுனை எவ்வளவு கீழே இருக்கிறதோ, கார் அவ்வளவு மேலே நிற்கும். ஒரு பல் எவ்வளவு என்று ஊகிக்க வேண்டாம், பல்லை எண்ணுங்கள். 40 பல் இருந்தால் ஒரு பல் 9 பாகை, 20 சென்ரிமீற்றர் ஆமில் 31 மில்லிமீற்றர். பலருக்கு அது கூடிப்போகும். இரு முனைகளிலும் பல் எண்ணிக்கை வேறாக இருந்தால் அதிர்ஷ்டம். ஒரு முனையில் ஒரு பல் முன்னும் மறுமுனையில் ஒரு பல் பின்னும் போட, நுணுக்கமான வித்தியாசம் கிடைக்கும். 40க்கும் 41க்கும் இடையில் அது ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. நெம்பில் வரிசையாகத் துளை போட்ட தகடு உள்ள கார்களில் நுணுக்கத்தை அங்கே வைக்கலாம்.

பாரைக் கூடுதலாக முறுக்கினால் சஸ்பென்ஷன் விறைக்கும் என்று நம்புகிறவர்கள் நிறைய. விறைக்காது. காரின் எடை அதேதான், ஆகவே நிற்கும்போது பாரில் உள்ள முறுக்கும் அதேதான், உயரம் மட்டும் மாறுகிறது. ஆனால் குழியில் விழுந்து சில்லு மேல் றப்பரில் தட்டும் வரை போகும்போது, உயர்த்திய காரில் அது போக வேண்டிய தூரம் கூட. அந்தக் கடைசி நொடியின் முறுக்கு முன்பைவிட அதிகம், பாருக்கும் போல்டுக்கும் தகட்டுக்கும். தளர்ந்த தகட்டோடு பல் மாற்றிய கார் ஆறு மாதத்தில் திரும்பக் குந்துவதற்கும், சில வேளை தகட்டைக் கிழித்துக்கொண்டு வருவதற்கும் இதுதான் காரணம்.

பல்லில் கிறீஸ் பூசிப் பூட்டுங்கள். புதுப் பார் என்றால் 10 மில்லிமீற்றர் உயர்த்தி வையுங்கள், முதல் சில நூறு கிலோமீற்றரில் அது இறங்கும். உயரம் மாறினால் டோ இன் (முன்சில்லுகள் முன்னால் உள்நோக்கி ஒடுங்கி நிற்கும் அளவு) மாறும், அதற்கான அளவு 3/32 அங்குலம், ஏறத்தாழ 2.4 மில்லிமீற்றர். பார்க்காமல் விட்டால் ஒரு மாதத்தில் ரயரின் உள்விளிம்போ வெளிவிளிம்போ வழுக்கையாகும். ஹெட்லைற்றும் இப்போது மரத்தின் உச்சியைப் பார்க்கும், இறக்குங்கள். மாஸ்ரர் சிலிண்டரைத் தொட்டிருந்தால் பிறேக்கில் காற்று எடுத்த பிறகே கேற்றைத் திறக்கலாம். 500 கிலோமீற்றரில் நெம்புப் போல்டை ஒரு தரம் இறுக்கிப் பார்த்து, அதே சீமெந்துத் தரையில், அதே காற்றில், கொப்பியில் உள்ள அதே நான்கு இடங்களை அளவுங்கள். போல்டைச் சுற்றிய புதுப் பெயின்ரில் மயிரளவு வெடிப்பு தெரிந்தாலும் வெல்டிங் திரும்பப் பார்க்க வேண்டியதுதான்.